மண்ணுக்குப் பெயர் உண்டா?



நவம்பர் மாதம் மரித்த ஆன்மாக்களின் மாதம். அது பிறப்பதற்கு முன்பே பங்குகளில் சிறிய கடித உறைகளைக் கொடுத்துவிடுவோம். உங்கள் குடும்பத்தில் மரித்தவர்களின் பெயர்களை எழுதிக் காணிக்கையோடு திருப்பித் தருவீர்கள். திருப்பலியில் அந்தப் பெயர்கள் வாசிக்கப்படும்போது கோவிலில் உண்டாகும் அமைதி உங்களுக்குத் தெரியும். தன் தாயின் பெயர் விடுபட்டுப்போகுமோ என்று காத்திருக்கும் முகங்களைப் பீடத்திலிருந்து பார்க்கிற எங்களுக்கும் அது தெரியும்.

2019ஆம் ஆண்டு நவம்பரில் என் கைக்கு வந்த ஓர் உறையில் ஆறு பெயர்கள் இருந்தன. ஐந்து நம்மவர் பெயர்கள். ஆறாவது ஒரு முஸ்லிம் பெயர். கொடுத்தவர் வாவிக்கரையில் வாழும் ஒரு வயோதிபத் தாய். அழைத்து விசாரித்தேன். அந்தப் பெயருக்குரியவர் காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருந்தவராம். மூத்த மகளின் கலியாணத்துக்குக் கூறைச்சேலை முதல் எல்லாத் துணிகளையும் கடனாகக் கொடுத்தவராம். முழுப் பணத்தையும் கட்டி முடிப்பதற்குள் 1990 ஆகஸ்ட் 3 வந்துவிட்டது.

“மிச்சக் கடன இன்னும் குடுக்கல்ல பாதர். பேரயாவது வாசிங்க” என்றார்.

நான் வாசிக்கவில்லை. ஐந்து பெயர்களோடு நிறுத்திக்கொண்டேன். அந்தத் தாய் ஒன்றும் சொல்லாமல், பூசை முடிந்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஏன் வாசிக்கவில்லை என்பதை நீங்கள் ஊகித்துக்கொள்வீர்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி ஆலயங்களோடு மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. ஞாயிறு வகுப்பு முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள் பலர் மாண்டார்கள். அந்தத் தாக்குதல்களை நடத்திய கூட்டத்தின் தலைவன் காத்தான்குடியைச் சேர்ந்தவன். ஏழு மாதங்கள்கூட ஆகவில்லை. அந்த ஊரின் பெயரைக் கேட்டாலே முகம் கடுக்கும் மக்களுக்கு முன்னால் அவ்வூர்க்காரர் ஒருவரின் பெயரை வாசிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

சட்டம் எனக்குத் தடையாக இருக்கவில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 901ஆம் இலக்கத்தில், வாழ்வோர் மரித்தோர் எவருக்காகவும் குருவானவர் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்று தெளிவாகவே கூறுகிறது. ஆகவே இது சட்டத்தின் கேள்வியன்று. எந்த மரித்தோரை நினைக்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதே கேள்வி. பதில் தேடி நான் போய்ச் சேர்ந்த இடம் பாரசீகக் கவிதை. சிலர் புன்னகை செய்யலாம். ஆனால் மரணத்தையும் நினைவையும் பற்றி அந்த மொழியின் கவிஞர்களைப்போல் இடைவிடாது பேசியவர்கள் அரிது. குருமடத்து நூலகத்தில் கவிமணி தேசிகவிநாயகம்பிள்ளை தமிழாக்கிய உமார் கய்யாம் பாடல்களை ஒளித்து வைத்துப் படித்த நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. மதுக்கிண்ணம் வரும் நூல் அல்லவா!

உமார் கய்யாம் நிஷாப்பூரில் 1048இல் பிறந்து 1131இல் இறந்தவர். கணித மேதை, வானநூல் வல்லவர். 1079இல் பாரசீகப் பஞ்சாங்கத்தைத் திருத்தியமைத்த அறிஞர் குழுவில் ஒருவர். அவர் பெயரில் வழங்கும் நாலடிப் பாடல்களில் எத்தனை அவருடையவை என்பதில் ஆராய்ச்சியாளர்கள் ஒன்றுபடுவதில்லை. அது நிற்க. அந்தப் பாடல்களில் மீண்டும் மீண்டும் வருபவன் குயவன். அவன் காலால் மிதிக்கிற களிமண் ஒருகாலத்தில் ஓர் அரசனின் தலை, ஒரு பெண்ணின் கன்னம். குடத்தின் கைப்பிடி, முன்பு யாரையோ அணைத்த ஒரு கை. ஆற்றங்கரைப் புல்லில் கால் வைக்கவும் கவிஞர் தயங்குகிறார். அது யாருடைய இதழிலிருந்து முளைத்ததோ!

குயவன் நமக்குப் புதியவனல்லன். எரேமியா இறைவாக்கினர் குயவன் வீட்டுக்குப் போகிறார். புறநானூற்றில் கணவனை இழந்த ஒருத்தி, ஊர்க் குயவனிடம், ஈமத்தாழியைத் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாக வனைந்து தரும்படி கேட்கிறாள். ஆனால் கய்யாமின் குயவன் கொடியவன். அவன் யாருக்காகவும் எதையும் அகலமாக்குவதில்லை. அவன் கையில் மண்ணுக்குப் பெயர் இல்லை. அரசனையும் பிச்சைக்காரனையும் ஒன்றாய்ப் பிசைகிறான்.

விபூதிப் புதனன்று சாம்பலைப் பூசும்போது திருச்சபையும் நம்மை மண் என்றே அழைக்கிறது. ஆனால் அவ்வளவில் நாம் நிற்பதில்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கிறவர் ஒருவர் உண்டென்று நம்புகிறோம். அதனால்தான் நவம்பரில் பெயர்ப் பட்டியல் வாசிக்கிறோம். இந்த இடத்தில் நான் கய்யாமோடு உடன்படேன்.

பாரசீகக் கவிதையில் இன்னொரு படிமம் உண்டு. லாலா என்னும் செந்நிற மலர். இதழ்கள் இரத்தச் சிவப்பு, நடுவில் சுட்ட வடுப்போல் ஒரு கறுப்பு. மாண்டவரின் இரத்தத்திலிருந்தும், பிரிவால் எரிந்த இதயத்திலிருந்தும் அது முளைப்பதாகக் கவிஞர்கள் கண்டார்கள். குடம் பெயரை மறக்கும். லாலா பெயரை மறக்கவிடாது. மண்ணுக்குள் போனவர் ஆண்டுதோறும் எழுந்து வந்து, நான் இங்கே விழுந்தேன் என்று சொல்வதைப் போன்றது அது. ஈரானில் 1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின், ஈராக்குடன் 1980 முதல் 1988 வரை நடந்த போரில் மாண்டவர்களின் சின்னமாக அந்த மலரே ஆயிற்று. அந்நாட்டுக் கொடியின் நடுவிலுள்ள சின்னமும் அதன் வடிவத்தையே நினைவூட்டுகிறது.

இந்த மலரை எண்ணும்போது எனக்குக் காத்தான்குடிச் சுவர்தான் கண்முன் வருகிறது. கல்முனை பஸ்ஸில் நீங்கள் எத்தனையோ முறை அவ்வூரைக் கடந்திருப்பீர்கள். தெருவின் நடுவே வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்கள், இருபுறமும் நெருக்கமான கடைகள், ஒருபக்கம் வாவி, மறுபக்கம் கடல். 1990 ஆகஸ்ட் 3 வெள்ளிக்கிழமை இரவு, இஷாத் தொழுகையில் குனிந்திருந்தவர்கள்மீது மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுசைனியாப் பள்ளிவாசலிலும் விடுதலைப் புலிகள் சுட்டார்கள். சிறுவர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மீரா ஜும்ஆப் பள்ளிவாசலின் சுவரில் குண்டு துளைத்த ஓட்டைகளை அம்மக்கள் பூசி மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அது அவர்களுடைய லாலா. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 3ஆம் நாளை ஷுஹதாக்கள் தினமாக அனுசரிக்கிறார்கள்.

அந்தச் சுவரைப் பற்றிப் பேசினால் உடனே ஒருவர், “சத்துருக்கொண்டான்?” என்று கேட்பார். நியாயமான கேள்வி. அதே ஆண்டு செப்டெம்பர் 9ஆம் நாள் அங்கும் சூழவுள்ள கிராமங்களிலும் இருந்து இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள், குழந்தைகளோடு கொல்லப்பட்டார்கள். நமக்கு இன்னும் நெருக்கமான பெயர் ஒன்றும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரியில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தாட்டம் பழக்கிய இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட். காத்தான்குடிப் படுகொலை நடந்து பன்னிரண்டாம் நாள், 1990 ஆகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாள். அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர், உடன் வந்தவரோடு காணாமற்போனார். கல்லறை இல்லை. நவம்பரில் மெழுகுதிரி ஏற்ற நமக்கு ஓரிடம் இல்லை.

ஆக, ஒவ்வொருவரிடமும் ஒரு மலர் இருக்கிறது. அதுவே ஆபத்தும். என் மலரின் சிவப்பைக் காட்டி உன் மலரை மறைக்கலாம். ஒரு பெயரைச் சொன்னவுடன் எதிர்ப்பெயரைத் தேடும் பழக்கம் நமக்குப் படிந்துவிட்டது. மரித்தோரை வழக்காடும் சாட்சிகளாக நிறுத்துகிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1965 அக்டோபர் 28இல் வெளியிட்ட கிறிஸ்தவமல்லாத சமயங்கள் பற்றிய அறிக்கையில், கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் கடந்தகாலப் பகைகளை மறந்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறது. மறப்பதா? அந்தச் சொல் என்னை வெகுகாலம் உறுத்தியது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் மறந்துவிடு என்று சொல்ல எந்தக் குருவுக்கும் நாக்கு எழாது. ஆனால் சங்கம் மறக்கச் சொல்வது பகையை, மாண்டவரை அன்று. இரண்டையும் பிரிக்க முடியுமா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அங்கேதான் கய்யாமின் கொடிய குயவன் எனக்குத் துணைக்கு வந்தான். அவன் கையிலுள்ள மண்ணைப் பிரித்து இது நம்மவர், இது அவர்களவர் என்று யாராலும் காட்ட முடியாது.

மண்ணைப் பிரிக்க முயன்றவர்கள் எக்காலத்திலும் இருந்தார்கள். நிஜாமி அரூஸி என்ற பன்னிரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் ஒரு செய்தி சொல்கிறார். 1010இல் ஷாநாமா காவியத்தை முடித்த பிர்தௌசி இறந்தபோது, அவர் வேறு பிரிவினர் என்று கூறி, முஸ்லிம்களின் மையவாடியில் அடக்கஞ்செய்ய ஊர்ப் போதகர் ஒருவர் இடங்கொடுக்கவில்லையாம். கவிஞரை அவருடைய தோட்டத்திலேயே புதைத்தார்கள். பிர்தௌசி தாமும் துயரம் தின்றவர். அறுபத்தைந்து வயதில், முப்பத்தேழு வயது மகனை இழந்து, மன்னர் கதையை நடுவில் நிறுத்திவிட்டு அவனுக்காக அழுதிருக்கிறார். (அதே நிஜாமி, நிஷாப்பூரில் கய்யாமின் கல்லறையைத் தேடிப்போனபோது, பேரி, பீச் மரங்களின் பூக்கள் உதிர்ந்து அதை மூடியிருந்ததைக் கண்டு அழுததாகவும் எழுதுகிறார்.)

நம் நாட்டில் 2020இல் கோவிட் நோயால் இறந்த அனைவரையும் எரிக்கவேண்டும் என்று அரசு கட்டளையிட்டது. காத்தான்குடி மக்கள் அப்போது எப்படித் துடித்தார்கள் என்பதை அயலில் இருந்த நாம் அறிவோம். பிறந்து இருபதே நாளான ஒரு முஸ்லிம் குழந்தையையும் எரித்தார்கள். 2021 மார்ச் 5 முதல்தான், நம் மாவட்டத்து ஓட்டமாவடியில் புதைக்க அனுமதி கிடைத்தது. அந்த நிலத்தில் இன்று 3,000க்கும் மேற்பட்டோர் உறங்குகிறார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆனால் பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அவர்களிடையே இருக்கிறார்கள். நாம் சேமக்காலை என்றும் அவர்கள் மையவாடி என்றும் வேறுவேறாகச் சொல்வது ஒரே வேலிக்குள் அமைந்துவிட்டது. கட்டாய எரிப்புக்காக அரசு 2024இல் மன்னிப்புக் கேட்டது.

இன்னொரு பாரசீகக் கவிஞரின் மரணத்தையும் சொல்லவேண்டும். ஜலாலுத்தீன் ரூமி 1273 டிசெம்பர் 17இல், இன்று துருக்கியிலுள்ள கொன்யா நகரில் இறந்தார். அவருடைய சீடர் மரபினர் அந்த இரவைத் திருமண இரவு என்று அழைக்கிறார்கள். மண்ணில் விழுகிற விதை முளைக்காமற்போகுமா என்பது அவருக்கு விருப்பமான எண்ணம். நற்செய்தியில் கோதுமை மணியைக் கேட்டவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. அவருடைய ஜனாஸா ஊர்வலத்தில் கிறிஸ்தவரும் யூதரும் தத்தம் மறைநூல்களோடு நடந்தார்கள் என்றும், சிலர் அவர்களை விரட்ட முற்பட்டும் அவர்கள் போகவில்லை என்றும் அவருடைய வரலாற்றை எழுதிய அப்லாக்கி கூறுகிறார். அவர்கள் தங்கள் விசுவாசத்தை விட்டுவிட்டு நடக்கவில்லை. தங்கள் நூலைக் கையில் ஏந்தியே நடந்தார்கள்.

சென்ற நவம்பரில் அந்தத் தாயின் உறை மறுபடியும் வந்தது. கண் மங்கிவிட்டதால் பேத்தி எழுதியிருந்தாள். ஏழு பெயர்கள். கடைசிப் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. திருத்திவிட்டு, ஏழையும் வாசித்தேன்.

கோவிலில் யாரோ இருமினார்கள். பூசைக்குப் பின் ஒருவர் சக்ரீஸ்துக்கு வந்தார். 2019இல் உறவுக்காரப் பிள்ளையை இழந்தவர். “பாதர், எங்கட பிள்ளைட பேரும் அந்தப் பேரும் ஒரே தாளிலயா?” என்று கேட்டார். கோபம் இருந்தது, கண்ணீரும் இருந்தது. மேலே நான் எழுதியிருப்பவற்றில் எதையும் அவரிடம் என்னால் சொல்ல முடியவில்லை. அவர் சற்றுநேரம் நின்றுவிட்டு, அடுத்த ஞாயிறு வாசகம் யாருடையது என்று கேட்டுப் போனார்.

அந்தத் தாய் வாசலில் காத்திருந்தார். மிச்சக் கடனைக் கோவில் உண்டியலில் போடலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். கடைக்காரரின் குடும்பம் எப்போதோ இடம்பெயர்ந்துவிட்டது என்றாலும், பள்ளிவாசலில் விசாரித்தால் ஒரு மகனையோ மருமகனையோ கண்டுபிடிக்கலாம். போய்வருவதென்று தீர்மானித்திருக்கிறோம், அவரும் பேத்தியும் நானும். எவ்வளவு என்று கேட்டேன். யோசிக்கவேயில்லை. இருநூற்றி எழுபத்தைந்து ரூபா என்றார்.