மணமுறிவும் மக்கட்பிரிவும்

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின்வழி மணமுறிவுற்று, மனைவியாயிருந்தாரும் மக்களும் அயல்நாடு சென்றுவிட, குளத்தூர் போன்றதோர் ஊரில் தனித்திருக்குந் தந்தை யாது செய்யற்பாலன்?

‘பாசம் அற்றது, நன்றாயிற்று’ எனத் தேற்றுவாருளர். அது சொற்பொருளறியாதார் கூற்று. சித்தாந்த நூல்கள் பாசமென்பன ஆணவம், கன்மம், மாயை என்னும் மலங்களையே. மக்கள்மாட்டுச் செல்லும் அன்பையன்று. ‘என் மக்கள்’ என்புழி, களையற்பாலது ‘என்’ என்னுஞ் செருக்கொன்றே. அவர் தத்தம் வினைக்கீடாக உடலெடுத்த தனியுயிர்கள். பெற்றோர் அவர்க்கு உடைமையாளரல்லர். மன்றங்களும் இவ்வழக்கில் பெற்றோர் உரிமையினும் குழவியின் நலத்தையே முதற்கண் நோக்குகின்றன. பிள்ளைகளை மீட்டற்கென 1980-இல் எழுந்த ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்திலது. ஆதலின் அவ்வாயிலும் இத்தந்தைக்கு இல்லை.

எஞ்சியது யாது? நாவடக்கம். காரைக்காலம்மையாரைப் பிரிந்து கப்பலேறிய பரமதத்தன், பாண்டிநாட்டிற் பிறிதொருத்தியை மணந்து பெற்ற மகட்குப் புனிதவதியென அம்மையார் பெயரையே இட்டமை பெரியபுராணத்துட் காண்க. அச்சத்தாற் செய்தானெனினும் ஆகுக, பிரிந்தாரைப் பழித்திலன். தாயைப் பழித்தல் குழந்தையின் பாதியைப் பழித்தலாம். தொலைபேசியிற் பிள்ளை அழைக்குங்கால், ‘இன்று பள்ளியில் என் படித்தாய்?’ என வினவுக. ‘உன் தாய் என்னைப்பற்றி என் சொன்னாள்?’ என வினவற்க.