சொல்லும் சொந்தமும்

பரீட்சைக்காக ஓர் அயல்மொழியின் சொற்களை நெட்டுருப் போடுவது கல்வியா, பாசாங்கா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை நாடிப் போகிறவர்களுக்காக 1964-இல் டோஃபல் பரீட்சை தொடங்கிற்று, 1989-இல் ஐ.இ.எல்.டி.எஸ். வந்தது. அயல்நாட்டில் படிக்கவோ பிழைக்கவோ விரும்புகிறவன் அந்த வாசலில் நின்று தன் ஆங்கிலத்தை நிறுத்துக் காட்டவேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ்ஸில் எழுத்துக்கும் பேச்சுக்கும் தருகிற மதிப்பில் கால் பங்கு சொல்வளத்துக்கு. ஆகவே ‘மெனி’ என்று எழுதவேண்டிய இடத்திலெல்லாம் ‘ப்ளெத்தோரா’வைக் கொண்டுவந்து உட்கார்த்திவிடுகிறார்கள். தேவைக்கு மிஞ்சிப் பெருகியிருப்பதை அல்லவா அந்தச் சொல் குறிக்கிறது? ‘எங்கள் ஊரில் நல்ல ஆசிரியர்கள் பலர்’ என்று சொல்ல வந்தவன், ‘வேண்டாத அளவுக்கு ஆசிரியர்கள்’ என்று சொல்லிவிட்டுத் திருப்தியோடு எழுந்து போகிறான்.

மனப்பாடத்தை நான் பழிக்கவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பொருள் விளங்காமலேதான் நிகண்டை உருப்போட்டார்கள். பின்னாளில் அந்தச் சொல் ஒரு செய்யுளில் எதிர்ப்பட்டபோது பொருளும் வந்து சேர்ந்தது. சொல்லுக்குப் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. பரீட்சைச் சொல்லுக்கோ பரீட்சை மண்டபமே சுடுகாடு. ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் பொதுவாக இரண்டு வருஷம் செல்லும். அதைப் பெற்றுத் தந்த சொல் இரண்டு வாரம் தங்குவதில்லை.

பிரிட்டனில் வேலைக்குப் போகப் படிக்கும் ஒரு நர்ஸை எண்ணிப் பாருங்கள். மருத்துவத் துறையினருக்கென்றே ஓ.இ.டி. என்றொரு பரீட்சை உண்டு. அங்கே நர்ஸாகப் பதிவு செய்துகொள்ள 2017 முதல் அதுவும் ஏற்கப்படுகிறது. நோயாளியாக நடிப்பவரோடு அதில் பேசிக் காட்டவேண்டும். நம் மொழியில் குத்தல் வேறு, குடைச்சல் வேறு, எரிச்சல் வேறு. ஆங்கிலக் கிழவிக்கும் அப்படித்தான். அவள் ‘ஏக்’ என்றால் மந்தமாக விடாமல் இருக்கும் வலி. ‘த்ராபிங்’ என்றால் விண்விண்ணென்று தெறிப்பது. ஏலத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் நாம் வழங்குகிற ‘டெண்டர்’, அவள் வாயில் தொட்டால் நோகும் இடம்! இவற்றைப் படிக்கிறவள் இன்னொரு உடம்பின் வேதனையைக் கேட்கப் பழகுகிறாள். அவளுக்கும் மதிப்பெண் வேண்டும், சம்பளம் வேண்டும். பிழைப்புக்காகப் படிப்பதில் இழிவு ஒன்றுமில்லை.

அப்படியானால் பேதம் எங்கே? சொல்லுக்கு ஜவாப்தாரி ஆவதில் இருக்கிறது. “நீ சொன்னதற்கு என்ன அர்த்தம்?” என்று எதிரே இருப்பவர் கேட்டால், அதையே எளிய சொற்களில் விளக்க முடியுமானால் அது உன் சொல், முடியாவிட்டால் கல்யாணத்துக்கு வாங்கிப் பூட்டிய இரவல் நகை. இரவல் நகையால் பிறருக்குத் தீங்கில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அந்தச் சமாதானம் செல்லாது. அங்கே புரியாத சொல்லுக்குப் புரிந்ததுபோல் தலையாட்டினால் உயிரே போகும்.

நாளுக்கு ஐம்பது சொல் என்று கணக்கு வைத்துப் படிக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் நான் சொல்லக்கூடியது இதுதான்: ஐந்து படியுங்கள். ஒவ்வொன்றையும் யாரிடம், எதற்காகச் சொல்லப் போகிறோம் என்று தெரிந்து படியுங்கள்.