ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டீர்களா?

பினாங்கு டத்தோ கிராமாட்டிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்? வான்வழியே ஏறத்தாழ 2,370 கிலோமீட்டர். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் ஏறினால் நேரடி விமானத்தில் நான்கு மணி நேரப் பயணம்கூட இல்லை. டிக்கெட்டில் உள்ள மணியைப் பார்த்துக் குழம்பாதீர்கள். நம் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அதனால்தான் போகும் பயணம் ஒன்றரை மணி நேரம்போலவும், திரும்பும் பயணம் ஆறு மணி நேரத்துக்கு மேல்போலவும் தெரியும்.

தாத்தா காலத்தில் இதே தூரத்தை நாள்கணக்கில்தான் கடந்தார்கள். 1926இல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பல் 1973 வரை நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் தொட்டுச் சென்றது. அடுத்து வந்தது சிதம்பரம் கப்பல். 1985இல் அதில் தீப்பிடித்தது. அந்தக் கடல்வழியும் அதோடு முடிந்தது. 2024 டிசம்பரில் இண்டிகோ சென்னைக்கும் பினாங்குக்கும் நேரடி விமானம் விட்டது. பலர் ஆயுளில் ஒருமுறைகூடத் திரும்பிப் போக முடியாத கடல், இன்று ஒரு காலைப்பொழுதில் கடந்துவிடுகிற கடல்.

கடல் சுருங்கிவிட்டது. தரை அப்படியேதான் இருக்கிறது. சென்னையிலிருந்து நாகப்பட்டினத்துக்குச் சுமார் 300 கிலோமீட்டர். பஸ்ஸில் ஆறேழு மணி நேரம் ஆகும். அதையும் உட்கார்ந்தே கடந்துவிடலாம். அதற்குப் பிறகு எந்தப் பஸ் ஏறுவீர்கள்? எந்த ஊரின் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்பீர்கள்?

“தஞ்சாவூர் ஜில்லா” என்பதோடு நின்றுவிட்ட குடும்பங்கள் நம்மில் நிறைய. அந்தப் பழைய ஜில்லா இன்று ஒன்றாக இல்லை. 1991இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானது, 1997இல் திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை. “ராமநாதபுரம்” என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கும் இதே கதைதான். 1985இல் சிவகங்கையும் விருதுநகரும் அதிலிருந்து பிரிந்தன. மாவட்டத்தின் பெயரை மட்டும் நம்பிப் போனால் கோயில் பார்க்கலாம், கடற்கரை பார்க்கலாம். பங்காளி வீட்டுத் திண்ணையில் உட்கார முடியாது.

ஊர்ப் பெயர் தெரியாத வீட்டுக்கு எந்த விமானமும் போகாது. அந்தப் பெயர் இன்னும் சிலரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

ஆகவே இன்று மாலை பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். பாட்டி இல்லையென்றால் பெரியப்பா, அத்தை, யார் இருக்கிறார்களோ அவர்கள். கிராமத்தின் பெயர், தாலுகா, குலதெய்வம் இருக்கும் இடம் அல்லது தொழுத பள்ளிவாசல், பக்கத்து ஊர். கேட்டுக் கேட்டு எழுதுங்கள். குலதெய்வம் தெரிந்தால் ஊரைக் கண்டுபிடிப்பது பாதி முடிந்த மாதிரி. அலமாரியில் கிடக்கும் பழைய கடப்பிதழையும் பிறப்புப் பத்திரத்தையும் எடுத்துப் புரட்டுங்கள். பெயர் எப்படி எழுதியிருக்கிறதோ, எழுத்து மாறாமல் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் அடுத்த மாதம் எடுக்கலாம். ஊர்ப் பெயரை இன்றே கேட்டுவிடுங்கள்.