ஸனது இல்லாத பதில்

 



சென்ற ரமலானில் ஓரிரவு, தராவீஹ் தொழுகை முடிந்து நாம் வெளியே வந்தபோது, ஒரு வாலிபர் ஹவ்ளின் ஓரம் காத்து நின்றார்.

"ஹஸ்ரத், என் மனைவியிடம் 15 பவுன் நகை இருக்கிறது. உடுத்துகிற நகைக்கு ஜகாத் இல்லை என்பது சரிதானே?"

"யார் சொன்னது, தம்பி?"

"போனில் ஏ.ஐ.யிடம் கேட்டோம். இல்லையென்று வந்தது. அதனால் மூன்று வருஷமாகக் கொடுக்கவில்லை."

"நீங்கள் இருவரும் எந்த மத்ஹபு?"

"ஹனஃபிதான், ஹஸ்ரத்."

அவருக்குக் கிடைத்த பதில் பொய்யன்று. ஷாஃபிஈ மத்ஹபில், பெண்கள் அணிவதற்காக வைத்திருக்கும் ஆகுமான நகைக்கு, அது வழக்கமான அளவைத் தாண்டாதிருந்தால் ஜகாத் இல்லை. ஆனால் ஹனஃபி மத்ஹபில் அணிகிற நகைக்கும் ஜகாத் உண்டு. தங்கத்தின் நிஸாபு 87.48 கிராம், அதாவது ஏறத்தாழ 11 பவுன். 15 பவுன் என்பது 120 கிராம். நாற்பதில் ஒரு பங்கு என்றால் வருஷத்திற்கு 3 கிராம். மூன்று வருஷத்தில் ஏறத்தாழ ஒரு பவுனுக்குரிய தங்கம் அவ்வீட்டில் தங்கிவிட்டது. நகை மனைவியுடையது, ஆகவே கடமையும் அவர் மீதே. ஆனால் தங்கிவிட்ட அந்தப் பவுனோ அவருடையதுமன்று, கணவருடையதுமன்று. அது ஏழையின் ஹக்கு!

இதில் அந்த வாலிபரின் எண்ணத்தில் குற்றமில்லை. அறிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். கேட்ட இடம்தான் அவரை யாரென்று விசாரிக்கவில்லை. ஓர் ஆலிம் முதலில் கேட்கும் கேள்வியை அது கேட்கவேயில்லை. வேறொருவருக்குரிய சரியான பதிலை இவர் கையில் கொடுத்துவிட்டது.

இந்த ஏ.ஐ. தேடுபொறிகள் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் தேடினால் பக்கங்களின் பட்டியல் வரும். திறந்து படிப்பது நம் பொறுப்பு. இப்போது அந்த இயந்திரமே பல பக்கங்களைச் சேர்த்தெடுத்து, ஒரே பதிலாக எழுதித் தருகிறது. எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரத்தக்கது என்று கணித்தே அது எழுதுகிறது. வேடிக்கையாக எழுதியதையும் மெய்யாக எழுதியதையும் பிரித்தறிவதில் அது தவறிவிடுகிறது. 2024 மே மாதம் அமெரிக்காவில் கூகுள் இத்தகைய பதில்களைப் பரவலாகத் தரத் தொடங்கியபோது, பீட்சாவில் பாலாடைக்கட்டி ஒட்டுவதற்குப் பசை சேர்க்கலாம் என்று ஒருவருக்குச் சொன்னது. யாரோ பரிகாசமாக எழுதி வைத்திருந்ததே அதற்கு ஆதாரம்!

2023ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்தது இதைவிடப் பாரதூரமானது. வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளைக் கோர்ட்டில் எடுத்துக் காட்டினார்கள். அப்படிப்பட்ட வழக்குகளே நடந்ததில்லை. இவை உண்மையா என்று அந்த இயந்திரத்திடமே கேட்டதற்கு, ஆம் என்றே பதில் வந்திருந்தது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். சாட்சியைப் பற்றி அதே சாட்சியிடம் விசாரித்தால் வேறென்ன கிடைக்கும்?

பிறரைச் சொல்வானேன்? நாமும் ஒருமுறை ஜும்ஆ பயானுக்காக அவசரத்தில் ஒரு ஹதீஸைத் தேடினோம். கிதாபின் பெயரும் எண்ணும் சேர்ந்தே வந்தன. அல்லாஹ் காப்பாற்றினான், மிம்பர் ஏறுமுன் கிதாபைத் திறந்தோம். அந்த எண்ணில் இருந்ததோ முற்றிலும் வேறு ஹதீஸ். திறக்காமல் போயிருந்தால், நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லாத ஒன்றை அவர்கள் பெயரால் நாம் சொல்லியிருப்போம். அதை நினைத்தால் இன்றும் உள்ளம் நடுங்குகிறது.

சகோதரர்களே! யார் சொன்னது என்று கேட்பதே இந்த உம்மத்தின் வழக்கம். ஹழ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் ஒரேயொரு ஹதீஸைக் கேட்டவரிடமிருந்து நேரில் கேட்பதற்காக ஒட்டகம் வாங்கி, ஒரு மாத காலம் பயணம் செய்து ஷாம் தேசம் சென்றார்கள். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பது ஹுஜுராத் சூராவில் அல்லாஹ் நமக்கு இட்ட கட்டளை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 மஸ்அலாக்கள் கேட்கப்பட்டபோது, 32க்கு "எனக்குத் தெரியாது" என்றே சொன்னதாக அறிவிக்கப்படுகிறது. மதீனாவின் மாபெரும் இமாம் சொல்லத் தயங்காத அச்சொல்லை, இந்த இயந்திரம் சொல்ல வேண்டிய இடத்திலும் பெரும்பாலும் சொல்வதில்லை. அறியாததையும் அறிந்தது போன்ற அதே குரலில்தான் சொல்கிறது.

அப்படியானால் தொடவே கூடாதா? அப்படி நாம் சொல்லவில்லை. ஒரு சொல்லின் பொருள், ஓர் ஊரின் வரலாறு, பிள்ளைகளின் பாடத்தில் ஒரு சந்தேகம் ஆகியவற்றுக்கு அது பயன்படும். எந்தக் கிதாபில் தேடலாம் என்று வழி காட்டவும் உதவும். ஆனால் வழி காட்டுவது வேறு, தீர்ப்பளிப்பது வேறு.

ஆகவே சில விஷயங்களை வீட்டில் வழக்கமாக்கிக் கொள்வோம். பதிலின் கீழே ஆதாரப் பக்கங்கள் காட்டப்பட்டிருந்தால், அவற்றைத் திறந்து படிப்போம். அங்கே உண்மையில் அப்படித்தான் இருக்கிறதா, எழுதியவர் யார் என்று பார்ப்போம். ஹலால், ஹராம், தலாக், வாரிசுப் பங்கு, ஜகாத் ஆகியவற்றை நம் நிலைமையைச் சொல்லி ஆலிம்களிடமே கேட்போம். அறியாதவர்கள் அறிந்தோரிடம் கேட்க வேண்டும் என்றுதானே திருமறை கற்பிக்கிறது! நோயும் மருந்தும் டாக்டரிடம் போகட்டும். சரிபார்க்காத எதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதிருப்போம். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற நாயகத்தின் எச்சரிக்கை நமக்கு நினைவிருக்கட்டும்.

அந்த வாலிபர் வீடு சென்று மனைவியிடம் விவரம் சொன்னார். பெருநாளைக்கு முன்பே அப்பெண்மணி கணக்குப் பார்த்து, மூன்று வருஷத்து ஜகாத்தையும் உரியவர்களுக்குக் கொடுத்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ்! "ஹஸ்ரத், முதலிலேயே கேட்டிருக்கலாம்" என்றார் வாலிபர். கேட்க வருபவர்களுக்கு நேரம் ஒதுக்குவது நம்மைப் போன்ற ஆலிம்களின் கடமை என்பதையும் அன்றே நாம் உணர்ந்தோம். பள்ளியில் பதில் சொல்ல ஆளில்லாதபோதுதானே மக்கள் போனிடம் கேட்கப் போகிறார்கள்?

பயனுள்ள கல்வியையும், அதை உரியவரிடமிருந்து பெறும் பொறுமையையும் அல்லாஹுத்தஆலா நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.