தனிமையும் கரணமும்

உலக ஆரவாரத்தை வெறுத்துக் காடு புக்கார்க்கு மனம் அடங்குமோ எனின், அடங்குமென்பார் பலர். இதனைச் சிறிது ஆராய்வாம்.

கம்பத்தினின்றும் கூடலூர் வழியே மலையேறிக் குமுளியை அடைந்து, வனத்துறையார் துணையுடன் தேக்கடிக் காட்டின் ஒற்றையடிப் பாதையிலே ஒருநாட் காலை நடந்தேம். இலையுதிரும் ஒலியன்றிப் பிறிதோசையில்லை. முடிவிற் பெரியாற்றேரி தோன்றிற்று. 1895-ஆம் ஆண்டு கட்டிமுடிந்த அணையால் ஆறு தடையுண்டு தேங்கியதே அது. அந்நாள் மூழ்கிய மரங்களின் பட்ட அடிகள் இன்றும் நீர்மேல் நிற்கின்றன. நீர்க்காகங்கள் அவற்றின்மேலிருந்து சிறகுலர்த்துகின்றன.

இவ்வமைதியினிடையே எம்முள்ளம் செய்தது என்னை? நாணாதுரைக்கின்றேம். இவ்வேரிநீரே மலை குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இழிந்து எம் வயலிற் பாய்வது. அந்நீர்முறை பற்றி எம் இளவலோடு நேர்ந்த பிணக்கினையே வழிநெடுக வாதித்து, அவன் கூறாத மறுப்புக்களையும் யாமே கூறி, யாமே வென்றுகொண்டிருந்தேம்!

தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கனுள் யாம் மாற்றியது புவனம் ஒன்றே. கரணம் உடன்போந்தது. ஆணவமோ உயிரோடு அநாதியே நிற்பதாகலின், அதற்கு ஊருங் காடும் ஒன்றே.

அற்றேல் தனிமை வீணோ எனின், அன்று. ஊரிலிருந்தபொழுது எம் வழக்கு நியாயமாகவே எமக்குத் தோன்றிற்று. உடன்பட்டுத் தலையசைப்பாரும் பலர் இருந்தனர். ஆண்டு அவரின்மையின், எனதென்னுஞ் செருக்கின் குரல் தனித்துக் கேட்டது. கேட்டமையால் அது நீங்கிற்றென்று துணிவார் உளராயின் அவர் பிழைபட்டார். நீக்குதல் திருவருளின் செயல்.

ஊர் மீண்டபின்னும் பிணக்குத் தீர்ந்திலது. இளவலின் வாயிலை மும்முறை கடந்துபோந்தேம். உட்புகுதல் இன்னும் எம்மால் ஆயிற்றில்லை.