அவளுக்கு ஞாபகம் இருக்காது

“அம்மா, அவளுக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காது. அஞ்சு வயசு ஆகட்டுமே. இப்பப் போறது வேஸ்ட்.”

சிங்கப்பூரிலிருந்து மகள் வீடியோ காலில் இதைச் சொன்னபோது என் மடியில் கோடு போட்ட நோட்டு ஒன்று திறந்திருந்தது. இரண்டு வாரமாக அதில் எழுதிக்கொண்டிருந்தேன். சிங்கப்பூர் மரினா பே துறையிலிருந்து பினாங்குக்குப் போய்த் திரும்பும் கப்பல். மூன்று இரவு. நானும் இவரும், மகளும் மாப்பிள்ளையும், 2 வயது 3 மாதம் ஆன பேத்தியும்.

நோட்டில் இருந்ததில் கொஞ்சம் சொல்கிறேன். பெரும்பாலான கப்பல்களில் 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தையை ஏற்றுவதில்லை. கைக்குழந்தைக்கும் பாஸ்போர்ட் வேண்டும். டயப்பர் போடும் பிள்ளையை நீச்சல் குளத்தில் இறக்க விடமாட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் விளையாட்டு அறையில் பெரும்பாலும் 3 வயது ஆனால்தான் சேர்ப்பார்கள், அதுவும் டயப்பர் இல்லாமல். கப்பல் ஆட்டம் வயிற்றைப் புரட்டாமல் இருக்க, கீழ்த்தளத்தில் நடுப்பகுதி அறை நல்லது. எங்களைப் போன்ற இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து மலேசியாவுக்கு விசா வேண்டாம். ஆனால் சிங்கப்பூருக்குத் திரும்பி நுழைய வேண்டுமே, அதனால் அந்த விசா ஒருமுறைக்கு மேல் நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். இப்படி இரண்டு பக்கம்.

“ஞாபகம் இல்லாட்டி என்ன? குழந்தைக்காகத்தானே போறோம். ஃபோட்டோ இருக்கும், பின்னால பார்த்துக்குவா” என்றேன்.

“அது அவ ஞாபகம் இல்லம்மா. நம்ம ஃபோட்டோ” என்றாள்.

காலை வைத்துவிட்டாள். ‘குழந்தைக்காகத்தான்’ என்ற என் வார்த்தை மட்டும் அறையிலேயே நின்றது. அது பொய் என்று எனக்குத் தெரியும்.

நான் பிறந்தது பினாங்கில், 1958-ல். அப்பா அங்கே ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1960-ல் அம்மாவும் அப்பாயியும் என்னைத் தூக்கிக்கொண்டு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறினார்கள். ராஜூலா கப்பல். 1926-ல் கட்டப்பட்டு, 1973 வரை தமிழ்நாட்டுக் கரைக்கும் மலாயாவுக்கும் நடுவே ஓடிய கப்பல். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர் தெரியாத பழைய ஆட்கள் கிடையாது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. தூரத்தில் நங்கூரம் போடும், ஆட்களைப் படகில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். அந்தப் படகில் நானும் இருந்திருக்கிறேன். எனக்கு ஒரு துளிகூட ஞாபகம் இல்லை.

பேத்தியின் வயதில் நான் கடந்த கடலை, பேத்தியோடு பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. இதில் குழந்தை எங்கே இருக்கிறாள்? சாக்காக இருக்கிறாள்.

இந்த இடத்தில் வள்ளுவர் நம்மைவிட நேர்மையானவர். மக்கட்பேறு அதிகாரத்தில் அவர் அதிகம் பேசுவது குழந்தையால் பெற்றவர்களுக்குக் கிடைக்கும் இன்பத்தைத்தான். நாம் நம் இன்பத்தை எடுத்துக்கொண்டு, பில்லைக் குழந்தையின் பேரில் எழுதுகிறோம்.

ஆனாலும் மகள் சொன்ன ‘வேஸ்ட்’ என்ற சொல்லை என்னால் விட முடியவில்லை. ஞாபகத்தில் தங்காத சந்தோஷம் வீண்தானா?

உளவியலில் இதற்குப் பிள்ளைப்பருவ மறதி என்று ஒரு பேச்சு உண்டு. பெரியவர்களிடம் உங்கள் முதல் நினைவு எது என்று கேட்டால், சராசரியாக மூன்று, மூன்றரை வயதுக்கு முன்னால் அநேகமாகப் போவதில்லை. இதற்கு, இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஞாபகமே கிடையாது என்று பொருள் அல்ல. போன மாதம் கடற்கரையில் காக்கா வடையைப் பிடுங்கியதை என் பேத்தி இன்னும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாள். சில மாதம் வைத்திருப்பாள். வளர வளர அது கழன்று போய்விடும்.

நோபல் பரிசு வாங்கிய டேனியல் கானமன் ஒரு கேள்வி கேட்பார். அடுத்த விடுமுறை முடிந்ததும் உங்கள் படங்கள் எல்லாம் அழிக்கப்படும், நினைவை அழிக்கும் மருந்தும் உங்களுக்குத் தரப்படும் என்று வைத்துக்கொண்டால், அப்போதும் அதே விடுமுறையைத்தான் தேர்ந்தெடுப்பீர்களா? நமக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. ஒருவர் அந்தந்த நேரத்தை வாழ்கிறவர். இன்னொருவர் பின்னால் கதை சொல்கிறவர். முடிவெடுப்பதெல்லாம் பெரும்பாலும் கதை சொல்கிறவர்தான்.

எனக்கு இது கற்பனைக் கேள்வியாகவே படவில்லை. இரண்டு வயதுப் பிள்ளை ஒவ்வொன்றும் அந்த விடுமுறையில்தான் இருக்கிறது. மருந்துகூட வேண்டாம்.

‘வேஸ்ட்’டுக்குப் பதிலாக எனக்கு முதலில் தோன்றியது வழக்கமான சமாதானம்: ஞாபகம் இல்லாவிட்டாலும் உள்ளே எங்கேயோ தங்கும், ஆளை உருவாக்கும். வருஷக்கணக்கில் கிடைக்கும் அணைப்புக்கும் பேச்சுக்கும் இது பொருந்தலாம். ஆனால் மூன்று நாள் கப்பலும் ஒரு கிண்ணம் ஐஸ்கிரீமும் யாரையும் உருவாக்காது. அப்படிச் சொன்னால் நான் கப்பல் கம்பெனி விளம்பரம் எழுதுகிறேன் என்றுதான் அர்த்தம். அந்தச் சமாதானத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

பிறகு அதே கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஞாபகத்தில் தங்காத வலி பரவாயில்லையா?

இது சும்மா கேட்பதல்ல. 1980-கள் வரை பல நாடுகளில் பச்சிளம் குழந்தைகளுக்கு மிகக் குறைந்த மயக்க மருந்தோடு, சில நேரம் வலிக்கு ஒன்றுமே கொடுக்காமல், அறுவைச் சிகிச்சை செய்திருக்கிறார்கள். மயக்க மருந்தின் ஆபத்தைப் பற்றிய பயம் ஒரு காரணம். பிஞ்சுகளுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது, தெரிந்தாலும் ஞாபகம் இருக்காது என்ற நம்பிக்கையும் கூடவே இருந்தது. இந்தியாவிலிருந்து போன கே.ஜே.எஸ். ஆனந்த் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் 1987-ல் வெளியிட்ட ஆய்வுகள் அதைப் புரட்டிப் போட்டன. அந்த உடம்புகள் வலியை முழுசாக வாங்குகின்றன என்று காட்டினார்கள்.

இதைப் படிக்கும்போது நம் கை தானாக ஏதோ ஒரு குழந்தையின் முதுகைத் தேடுகிறது, இல்லையா? “ஞாபகம் இருக்காதே” என்று யாராவது சமாதானம் சொன்னால் அவரை என்ன நினைப்போம்? வலித்த அந்த நிமிஷம் வலித்ததுதான். பின்னால் அதைச் சொல்ல ஆள் இல்லை என்பதால் அது நடக்காததாகிவிடாது.

அப்படியென்றால் சந்தோஷத்துக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? மறந்துபோகும் வலி தப்பு என்றால், மறந்துபோகும் சிரிப்பு நல்லது. அது நடந்த நிமிஷத்திலேயே அதன் கணக்கு முடிந்துவிட்டது. யாருக்கும் ரசீது கொடுக்க வேண்டியதில்லை.

இந்த இடத்துக்கு வந்ததும் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. மகளுக்குப் போன் போடலாம் என்று எழுந்தேன். நோட்டின் மூன்றாவது பக்கம் கண்ணில் பட்டது.

பினாங்கில் கப்பல் நிற்கும் ஒரு பகலுக்கு நான் போட்ட திட்டம் அது. காலை 8 மணிக்கு இறங்குவது. கெக் லோக் சி கோயில். பினாங்கு மலை ரயில். ஜார்ஜ் டவுனில் அப்பா வேலை பார்த்த தெரு. அந்தத் தெருவில் பேத்தியை நிற்க வைத்து ஒரு படம். மதியச் சாப்பாடு லிட்டில் இந்தியாவில். மாலை கப்பலுக்குத் திரும்புவது. அதில் அவள் பகலில் தூங்கும் 12 முதல் 2 மணி எங்கேயும் இல்லை. நிமிஷத்தின் சந்தோஷம்தான் முக்கியம் என்று பெரிய நியாயம் பேசிய அதே நான், அவளுடைய ஒரு நிமிஷத்தையும் கணக்கில் எடுக்காமல் அந்தப் பக்கத்தை எழுதியிருந்தேன். வெயிலில் தூக்கம் கெட்டு அழும் குழந்தையைச் சிரிக்கச் சொல்லி எடுத்த படங்கள் எத்தனை வீட்டில் ஃபிரேமில் தொங்குகின்றன!

மகள் ‘நம்ம ஃபோட்டோ’ என்றது இதைத்தான். போவதா வேண்டாமா என்பதில் அவள் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. எப்படிப் போக நினைத்தேன் என்பதில் அவள் சொன்னது சரி.

அன்று ராத்திரி அப்பாயி ஞாபகம் வந்தது.

எனக்குத் தெரிந்த அப்பாயி வாய் நீளமான கிழவி. அம்மாவைப் படுத்தி எடுத்தவள். நான் எதற்குச் சிரித்தாலும் “பொட்டப்புள்ளைக்கு என்ன சிரிப்பு” என்பாள். 1979-ல், என் பி.ஏ. கடைசிப் பரீட்சை நேரத்தில், படுக்கையில் கிடந்தவள் ஒரு மாலை, “செத்த இங்க வந்து உக்காரேன்” என்று கூப்பிட்டாள். “படிக்கணும் அப்பாயி” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். அப்படிப் பலமுறை. 1983-ல் போய்ச் சேர்ந்தாள். நான் பெரிதாக அழவில்லை.

1985 பிப்ரவரியில் எம்.வி. சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். ராஜூலாவுக்குப் பிறகு அதே வழியில் ஓடிய கப்பல் அது. அதோடு அந்தப் பயணமே நின்றுபோனது. பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அம்மா ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்.

“உங்க அப்பாயிய எனக்குப் பிடிக்காது. ஆனா பொய் சொல்லக் கூடாது. அந்தக் கப்பல்ல எனக்குத் தலை தூக்க முடியல, ஒரே வாந்தி. டெக்குல பாய் விரிச்சு விழுந்து கெடந்தேன். நீ ராவெல்லாம் வீறிட்டு அழுத. பக்கத்துல படுத்த சனமெல்லாம் ஏசுச்சு. அவதான் உன்னத் தோள்ல போட்டுக்கிட்டு டெக்க சுத்திச் சுத்தி நடந்தா. கரை சேர்ற வரைக்கும், எல்லா ராத்திரியும்.”

அப்பாயி இதை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மாடிப்படியில் நான் ஏறிய அந்த மாலையில்கூட. “உனக்காக நான் நடந்திருக்கேன்டி” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் உட்கார்ந்திருப்பேன். கேட்க உரிமையுள்ள கடன் என்று அவள் அதை நினைக்கவே இல்லையோ என்னவோ. அழுத பிள்ளையைத் தூக்கினாள், பிள்ளை தூங்கியது, அதோடு முடிந்தது. எனக்குத்தான் இத்தனை வருஷமாக முடியவில்லை. அவளை நல்லவளாக்கிப் பார்க்கவும் எனக்கு மனசில்லை. அம்மா பட்டதெல்லாம் உண்மை. இரண்டும் ஒரே ஆள்தான்.

ஒன்று மட்டும் தெரிகிறது. எனக்குக் கிடைத்தவற்றில் பெரிய ஒன்று, எனக்கு ஞாபகமே இல்லாத ஒன்று. கொடுத்தவள் அதை ஞாபகத்துக்காகக் கொடுக்கவில்லை. நானோ, 67 வயதில், “அம்மாச்சி என்னைக் கப்பல்ல கூட்டிட்டுப் போனாங்க” என்று ஒரு பிள்ளை பிற்பாடு சொல்ல வேண்டும் என்பதற்காக நோட்டுப் போட்டுத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வயதானவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் செய்வதில் பாதி, சாவுக்குப் பிறகு கொஞ்சம் இடம் பிடித்து வைப்பதுதான். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் ‘குழந்தைக்காக’ என்று சொன்னால், ஒருநாள் அந்தக் குழந்தையிடம் பதிலுக்குக் கேட்கத் தோன்றும். உனக்கு எவ்வளவு செய்தேன், வந்து உட்கார மாட்டேன் என்கிறாயே என்று.

மறுநாள் மகளுக்குப் போன் செய்தேன்.

“நான் எனக்காகத்தான் வரேன்னு சொன்னேன்னு வச்சுக்க. நான் பொறந்த ஊர அந்தக் கடல் வழியாப் பாக்கணும். அஞ்சு வயசு ஆகட்டும்ங்கற. எனக்கு அப்ப எழுவது. முழங்கால் என்ன சொல்லுமோ.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?” என்றாள்.

“சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

“டிக்கெட் போடறேன்” என்றாள்.

மூன்றாவது பக்கத்தைக் கிழித்துவிட்டேன். பினாங்கில் நானும் இவரும் மட்டும் காலையில் இறங்கி, துறையிலிருந்து அப்பாவின் தெருவுக்குப் போய் வருவோம். பேத்தி கப்பலிலேயே இருப்பாள். பெரிய குளம் இல்லாவிட்டால் என்ன? குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு டம்ளரும் இருந்தால் அவளுக்கு அதுதான் சமுத்திரம். 12 முதல் 2 வரை தூக்கம். புறப்படும் முன் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியில் சங்கு ஊதினால் பயப்படாமல் இருக்க, மாப்பிள்ளை இப்போதே வீட்டில் “பூம்” என்று ஊதிப் பழக்குகிறாராம். அதற்கே விழுந்து விழுந்து சிரிக்கிறாளாம். கப்பல் இன்னும் புறப்படவே இல்லை.

மேல்தளத்தில் சுற்றி நடக்க ஒரு பாதை உண்டு என்று மகள் சொன்னாள். ராத்திரி இடம் புதுசு என்று அவள் அழுதால், பெற்றவர்கள் தூங்கட்டும், நான் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வருவேன். முழங்கால் ஒத்துழைத்தால் இரண்டு சுற்று. அதைப் பின்னால் அவளிடம் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். இப்படி எழுதி வைத்தபிறகு அதுவும் போயிற்று. அப்பாயி அளவுக்கு எனக்குத் திடம் இல்லை.