மீன் வாசனைக்கு என்ன விலை?

அந்தமானின் சௌல்தாரியில் ஒருவர் ஓய்வுபெறப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழர், அரசு ஊழியர், தாத்தா காலத்திலேயே கப்பலேறி வந்த குடும்பம். பணிக்கொடையும் சேமநிதியும் சேர்ந்து கைக்கு ஒரு தொகை வரும். மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். தீவுக்காரர்கள் பலருக்கும் வரும் ஆசை இவருக்கும் வருகிறது: மெயின்லேண்டில் ஒரு வீடு. அதுவும் சும்மா வீடு இல்லை; சுற்றுச்சுவர், செக்யூரிட்டி, நீச்சல்குளம், அசோசியேஷன் எல்லாம் அமைந்த கேட்டட் கம்யூனிட்டியில் ஒரு ஃபிளாட்.

ஆசை எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. 1966-ஆம் ஆண்டின் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறைச் சட்டப்படி அந்தமானில் நிலம் மத்திய அரசுடையது. மற்றவர்கள் கையில் இருப்பது அனுபவ உரிமை. நிலநடுக்க வரைபடத்தில் தீவுகள் இருப்பது அபாயம் மிகுந்த மண்டலத்தில். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்துக்குப் பிறகு தென் அந்தமானில் தரையே ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழிறங்கியது. சிப்பிகாட் பக்கத்து வயல்களில் ஏறிய கடல் திரும்பிப் போகவில்லை. இதையெல்லாம் பார்த்தவர் தாம்பரத்துக்குத் தெற்கே பத்திரத்தோடு ஒரு வீடு தேடினால் தப்பு சொல்ல முடியாது. (ஃபிளாட்டிலும் அவருக்கு எழுதித் தரப்போவது பிரிபடாத பாகம்தான் என்பதை யாராவது மெதுவாகச் சொல்லிவைப்பது நல்லது.)

ஆகவே கணக்குப் போடுகிறார். சதுர அடி விலை, பத்திரச் செலவு, கார் நிறுத்துமிடத்துக்குத் தனிக்காசு. மாத மெயின்டனன்ஸ் 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு, தாண்டிய தொகைக்கு மட்டும்தான் வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னதுவரை விசாரித்து வைத்திருக்கிறார். அசோசியேஷனே இல்லாத அடுக்ககமாகப் பார்ப்போமா என்றால் அது நடக்கிற காரியம் இல்லை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், வாங்குகிறவர் சங்கம் அமைப்பதில் பங்குகொண்டே ஆக வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தை நடத்துகிற தமிழ்நாட்டு ஆணையத்தின் எல்லைக்குள்தான் அந்தமான் நிக்கோபாரும் வருகிறது. சௌல்தாரியில் நாளைக்கே யாராவது பத்துமாடி கட்டினாலும் அதன் பதிவு எண்ணைச் சென்னையில்தான் வாங்க வேண்டும்.

இத்தனை வரிகள் கொண்ட கணக்கில் ஒன்று மட்டும் விடுபட்டிருக்கிறது. விலையில் பெரிய பங்கு அதற்குத்தான் போகிறது. ரசீதில் அது வராது. புரோக்கர் அதை வாயால் சொல்வார்: "டீசன்ட் ஃபேமிலிங்க மட்டும்தான் சார்."

இந்த வடிகட்டியில் யார் நிற்கிறார்கள், யார் விழுகிறார்கள் என்று பாருங்கள். வரி ஏய்த்தவர் விழுவதில்லை. லஞ்சம் வாங்கியவர் விழுவதில்லை. அவர் முழுத்தொகையையும் ஒரே தவணையில் கட்டுகிறார் என்பதால் அவருக்குத் தனி மரியாதை. மனைவியை அடிப்பவர் விழுவதில்லை. விழுபவர்கள் வேறு: கல்யாணமாகாத பையன்கள், தனியாக வாழும் பெண், முஸ்லிம் பெயர்க்காரர், வீட்டில் மீன் சமைப்பவர், "எந்த ஊர், எந்தத் தெரு" என்ற கேள்விக்குத் தயங்கிப் பதில் சொல்பவர். அயோக்கியத்தனம் எந்த ரூபத்தில் வந்தாலும் கேட் திறக்கும். பிறப்பைத்தான் அங்கே நிறுத்தி விசாரிக்கிறார்கள்.

நம் சௌல்தாரிக்காரர் பகுத்தறிவாளர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வாஸ்து பார்க்க மாட்டார். ஈசானிய மூலையில் கழிவறை வந்தால் விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். ஆனால் "ஆட்கள் எப்படி?" என்று அவரும் கேட்பார். எனக்கு இதில்தான் சண்டை. வாஸ்து பார்ப்பவன் தன் காசை வீணாக்குகிறான், அவ்வளவே. அடுத்த வீட்டுக்காரனின் பிறப்பைப் பார்ப்பவன் இன்னொருவனின் கூரையைப் பறிக்கிறான். முதலாவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு இரண்டாவதற்குக் கூடுதல் விலை கொடுப்பவருக்கு என்ன பெயர் வைப்பது? மாதத் தவணையில் அக்கிரகாரம் வாங்குகிறார் என்று சொன்னால் கோபம் வருமா? வரட்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் என்று விற்கப்படும் அடுக்ககங்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசலாம். மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 விழுக்காட்டுக்கும் மேலானோர் இறைச்சியோ மீனோ முட்டையோ சாப்பிடுகிறவர்கள். நூற்றில் இரண்டு மூன்று பேருக்கான வீடு என்பது உணவு விஷயம் மட்டும்தானா? சாதியைக் கேட்டால் சட்டம் முறைக்கும். சாப்பாட்டைக் கேட்டால் பண்பாடு. தினமும் மீன் இல்லாமல் சோறு இறங்காத தீவுக்காரரை அந்தக் கட்டடத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அப்போது அவருக்கு அநியாயம் என்று தோன்றும். அதே மனிதர், மீன் சமைக்கலாம் ஆனால் 'கண்ட ஆட்களுக்கு' வாடகைக்கு விடக் கூடாது என்ற பக்கத்துக் கட்டடத்தில் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார்.

வாசனைதான் தொல்லை என்றால் அதற்கு விதி எழுதலாம். சமையலறைக்குப் புகைபோக்கி வை, குப்பையை மூடி வை, மீன் கழுவிய தண்ணீரைத் தாழ்வாரத்தில் கொட்டாதே. இப்படி ஒருவரின் செய்கையைக் கட்டுப்படுத்தும் விதிகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். இரவு பதினொன்றுக்குப் பாட்டை நிறுத்து, நாயை வளர்த்தால் அதன் கழிவை அள்ளு, லிஃப்டில் துப்பாதே. அசோசியேஷன் என்ற ஏற்பாட்டின் நியாயமே இதில் இருக்கிறது. நூறு குடும்பம் ஒரே தொட்டித் தண்ணீரைக் குடிக்கும்போது யாராவது தொட்டியைக் கழுவியாக வேண்டும். நீ யார் என்று கேட்கும் விதிகள் தனி ஜாதி. அவற்றால் தொட்டி சுத்தமாவதில்லை.

"எங்கள் காசு, எங்கள் சங்கம், யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் உரிமை" என்ற வாதம் உடனே வரும். உச்ச நீதிமன்றமே 2005-ல் இதற்குப் பக்கபலம் தந்திருக்கிறது. அகமதாபாத்தில் பார்சிகளுக்கென 1926-ல் பதிவான கூட்டுறவு வீட்டுச் சங்கம், பார்சி அல்லாதவருக்கு வீட்டை விற்கக் கூடாது என்று பைலா வைத்திருந்தது. உறுப்பினர் ஒருவர் விற்க முயன்றபோது வழக்கு வந்தது. சங்கம் அமைக்கும் உரிமையைக் காட்டி, அந்த பைலா செல்லும் என்றது நீதிமன்றம்.

அதே குஜராத்தில், 1917-ல், பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர வந்த ஓர் இளைஞருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. கொலம்பியாவில் படித்தவர், லண்டன் பார்த்தவர். சாதி தெரிந்தால் எந்த விடுதியும் தராது என்பதால் ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் கம்போடு வந்து சூழ்ந்துகொண்டு, சாயங்காலத்துக்குள் காலி செய் என்றார்கள். ஊரில் வேறு எங்கும் இடம் கிடைக்காமல் பூங்காவில் உட்கார்ந்து அழுதுவிட்டு பம்பாய்க்கு ரயிலேறினார் அம்பேத்கர். அவர் எழுதிய அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவைக் கொண்டுதான் 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பு நிற்கிறது. சட்டம் தெரிந்தவர்கள் இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பார்கள். தெருவில் நின்றவருக்குச் சம்பந்தம் தெரியும்.

வீட்டுச் சங்கங்களின் தாய்வீடான அமெரிக்காவில், கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதுவது ஒரு காலத்தில் சர்வசாதாரணம். செயின்ட் லூயிஸ் நகரத்து வீடு ஒன்றைப் பற்றிய வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1948-ல், அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தர நீதிமன்றங்கள் கைகொடுக்காது என்றது. 1968-ல் வந்த சட்டம், இனம் பார்த்து வீடு மறுப்பதையே சட்டவிரோதமாக்கியது. அதனால் அங்கே பாகுபாடு ஒழிந்துவிடவில்லை. எழுத முடியாமல் போனது, அவ்வளவுதான். அதுவும் சின்ன விஷயம் இல்லை.

சரி, எல்லா வேலியும் தப்பா? சௌல்தாரிக்காரருக்கு வேலி தெரியும். வடக்கே போனால் ஜிர்காடாங்கில் சோதனைச்சாவடி. அதற்கு அப்பால் 1,028 சதுர கிலோமீட்டர் ஜாரவா காப்பகம். 1956-ஆம் ஆண்டின் பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி நாம் இஷ்டத்துக்கு உள்ளே போக முடியாது. இதுவும் ஒரு கேட்டட் கம்யூனிட்டிதானே என்று குறும்பாகக் கேட்கலாம். கேட்டைத் திறந்தால் யாருக்கு என்ன ஆகும் என்று பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். 1999-ல் ஜாரவாக்களிடையே தட்டம்மை பரவியது. 2011 கணக்கெடுப்பில் அவர்கள் மொத்தமே 380 பேர். 1858-ல் பிரிட்டிஷார் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கியபோது ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர், 1961 கணக்கெடுப்பில் 19 பேர். அந்த வேலி இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் சாவார். சென்னைப் புறநகர்ச் சுவர் இல்லாவிட்டால் உள்ளே இருப்பவருக்கு மறுவிற்பனை விலை கொஞ்சம் குறையும். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித்துகளைத் தடுத்து 1989-ல் எழுப்பிய சுவரின் ஒரு பகுதியை 2008-ல் இடித்தார்கள். இடித்ததால் எவருக்கும் தட்டம்மை வரவில்லை.

தீவை இங்கே புனிதமாக்க நான் வரவில்லை. அந்தமானில் வங்காளியும் தமிழரும் மலையாளியும் ராஞ்சிக்காரரும் அடுத்தடுத்து வாழ்வது யாருடைய நல்ல எண்ணத்தாலும் நடந்ததில்லை. கைதிக் கப்பல், பிரிவினை, மாப்பிள்ளைக் கலவரம், காடு வெட்டக் கூலியாள் தேவை என்று ஆளாளுக்கு ஒரு விபத்து. அந்த இடம் முதலில் யாருடையது என்பதையும் மேலே சொல்லிவிட்டேன். ஐலண்டர் கார்டு காட்டிச் சலுகைக் கட்டணத்தில் கப்பலேறும் நம் நண்பருக்கு, உள்ளே இருப்பவனின் சுகமும் கொஞ்சம் தெரியும். ஆனால் ஒன்றைத் தீவு நிரூபித்திருக்கிறது: பக்கத்து வீட்டுக்காரரைத் தேர்ந்தெடுக்காமலேயே மூன்று தலைமுறை உருப்படியாக வாழலாம். அந்த அனுபவத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, அதற்கு நேரெதிரான பொருளைச் சேமநிதி கொடுத்து வாங்கப் போகிறார் என்பதுதான் வேடிக்கை.

கலந்து வாழ்வதை விதியாகவே எழுதிப் பார்த்ததும் உண்டு. 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறந்த முதல் பெரியார் நினைவு சமத்துவபுரத்தில் நூறு வீடு: ஆதிதிராவிடர் 40, பிற்படுத்தப்பட்டோர் 25, மிகப் பிற்படுத்தப்பட்டோர் 25, இதரர் 10. இடுகாடு ஒன்றே. குறைகளை நானே சொல்கிறேன்: அரசு கட்டிய வீட்டுக்கு வரும் சீக்கெல்லாம் அதற்கும் வந்தது, ஏழைகளுக்கு மட்டும் சமத்துவம் பரிசோதிக்கப்பட்டது, பணக்காரர் குடியிருப்பில் எவரும் அதைச் சோதிக்கவில்லை. சிங்கப்பூர் 1989-லிருந்து அரசு அடுக்ககங்களில் இனவாரி வரம்பு வைத்திருக்கிறது. அங்கே தமிழர் ஒருவர் வீட்டை விற்கப் போனால் வாங்கத் தகுதியுள்ளவர் குறைவு, சில சமயம் விலையும் குறைவு. அது உண்மையான கஷ்டம். அந்தக் கஷ்டத்தைக் கேட்டுக் கொதிக்கிறவர்கள், இங்கே விற்பவர் யாருக்கு விற்கலாம் என்று அசோசியேஷன் செயலாளர் கிசுகிசுப்பதைக் கேட்டுக் கொதித்து நான் பார்த்ததில்லை.

சுவருக்குள் எதுவும் தன்னிறைவாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2019 வறட்சியில் சென்னை அடுக்ககங்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? சுற்றுக் கிராமங்களின் கிணற்றிலிருந்து லாரியில். வீட்டு வேலைக்கு வரும் பெண் எங்கிருந்து வருகிறார்? சுவரின் மறுபக்கத்திலிருந்து. அவருடைய தண்ணீரும் உழைப்பும் தினமும் உள்ளே வரலாம்; லிஃப்டு மட்டும் தனி, போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும்.

ஆக, வாங்கலாமா வேண்டாமா? வாங்கட்டும். தொட்டி கழுவும் சங்கத்தில் சேரட்டும், சந்தா கட்டட்டும், பொதுக்குழுவில் சண்டை போடட்டும். ஒரே ஒரு வேலை மட்டும் முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டும். பைலாவைக் கேட்டு வாங்கி, வேலைக்கு வரும் அந்தப் பெண்ணின் இடத்தில் தன்னை வைத்து ஒருமுறை படிக்க வேண்டும். அதில் அநேகமாக ஒன்றும் இருக்காது. பிறகு செயலாளரைப் பார்த்து, "யாருக்கு வாடகைக்கு விடலாம், யாருக்கு விற்கலாம், யார் எந்த லிஃப்டில் ஏறலாம் என்று நீங்கள் வாயால் சொன்னதையெல்லாம் லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்" என்று கேட்க வேண்டும். வாயால் ஒன்றும் சொல்லாதவர் சிரித்துக்கொண்டே, எழுத ஒன்றுமில்லையே என்பார்; அங்கே வாங்கலாம். சொன்னவர் தர மாட்டார். "அதெல்லாம் எதுக்கு சார், நமக்குள்ளே" என்பார். காசோலைப் புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த இடம் பார்க்கக் கிளம்பலாம். தாம்பரத்துக்குத் தெற்கே வீட்டுக்கா பஞ்சம்.